சோணைமுத்துவின் குட்டி

காப்புவெளியின் வாசலில் உடையப்பனின் பார்வையை எடை போட்டார்கள்.

தொட்டியில் வளர்ந்த ஒரு செடியைக் காட்டி, சாதாரணமாகப் பார்க்கச் சொன்னார்கள். அவர் சாதாரணமாகத்தான் பார்த்தார். பார்வைமானியின் முள் மஞ்சளைக் கடந்து சிவப்பின் விளிம்பில் போய் நின்றது.

"ஐயாவுக்குப் பார்வை கொஞ்சம் கனம்," என்றாள் வனக்காவலர் நசேரியான். அவள் பேசியது மசாய் மொழி. அவர் காதில் இருந்த மொழிச்செவி அதைச் சிவகங்கைப் பேச்சாக்கிக் கொடுத்தது. "உள்ள போனா எதையும் முறைச்சுப் பாக்காதீங்க."

"நான் முறைக்கலம்மா. என் கண்ணே அப்படித்தான்."

"செடிக்குத் தண்ணி ஊத்தும்மா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "எங்க மச்சான் பாத்திருக்காரு."

சாத்தையா. உடையப்பனின் அத்தை மகன். ஒரே விமானத்தில் கென்யா வந்து, ஒரே விடுதியில் தங்கி, வழியெல்லாம் அவரோடு நேராக ஒரு வார்த்தை பேசாதவர். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத்தான் எல்லாவற்றையும் பேசுவார். உடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளை வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு மிதவண்டியை நோக்கி நடந்தார். அவருடைய மகள் செவ்வந்தி இருவரின் பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

பார்வைக்குச் சுமை உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டு இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகிறது. நம் வீடுகளில் குழந்தையின் கன்னத்தில் மை வைத்ததைப் பார்த்துச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் அதை ஆய்வுக்கூடத்தில் நிறுவினார்கள். மனிதக் கண் ஓர் உயிரின் மேல் பதிகிறபோது அந்த உயிரின் இதயம் அதைத் தாங்குகிறது. அந்தச் சுமையை அளக்க ஓர் அலகு வைத்தார்கள், நோக்கு என்று. வாஞ்சையான பார்வைக்கு நோக்கு குறைவு. வியப்புக்குச் சற்றுக் கூடுதல். பொறாமைக்கு மிக அதிகம். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் எதற்கு என்று உடையப்பனின் ஊரான வேலனேந்தலில் அப்போதே கேட்டார்கள்.

அதற்குப் பிறகு வாழ்க்கை மாறிவிட்டது. மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு மானியையும் அணிகிறார்கள். அதில் சிவப்பு எரிந்தால் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு பந்திக்குப் போய்விடுகிறது. பேருந்தில் எதிரே இருப்பவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணிலும் இமைத்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஓர் உயிரின் மேல் வரம்பு மீறிச் சுமை ஏற்றியவரின் கண்ணுக்கு, அந்த உயிரை மட்டும் அது ஓராண்டுக்கு மறைத்துவிடும். ஆள் இருக்கிற இடத்தில் சாம்பல் நிற மூட்டம் ஒன்று தெரியும், அவ்வளவுதான். இதற்குப் பார்வை விலக்கு என்று பெயர். மேல்முறையீடு கிடையாது.

விலங்குகளில் ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் வரம்பு மிகக் குறைவு. அவ்வளவு உயரத்தில் இருக்கும் தலைக்கு இரத்தம் ஏற்ற, அதன் இதயம் நம்மைவிட இரு மடங்கு அழுத்தத்தில் உழைக்கிறது. அதன் மேல் சுற்றுலா வண்டிகளின் கண்களும் சேர்ந்து ஏறியபோது கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. ஆகவே இப்போது ஒவ்வொரு குட்டிக்கும் தனி வரம்பு வைக்கிறார்கள். பிறந்த குட்டியின் மேல் முதன்முதலில் ஒரே ஒரு மனிதரின் பார்வை விழ வேண்டும். அப்போது அதன் இதயம் எப்படித் துடிக்கிறதோ, அதை வைத்து வாழ்நாள் வரம்பு அமையும். அதுதான் முதற்பார்வை. குட்டிக்குப் பார்த்தவரின் பெயரையும் வீட்டையும் வைத்துவிடுவார்கள்.

அந்த உரிமை, கூட்டத்தைக் காக்க உதவிய காப்பு ஊருக்கு உரியது. இந்தக் கூட்டத்தின் காப்பு ஊர் வேலனேந்தல். இந்தச் சமவெளியின் குடைவேல மரங்கள் எல்லாம் நோயில் பட்டுப்போன காலத்தில், நோய் தாங்கும் வேலங்கன்றுகளை வளர்த்துக் கப்பலில் அனுப்பியவர் வேலனேந்தல் ராக்கப்பன். இன்று இங்கே ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டித் தின்கிற ஒவ்வோர் இலைக்கும் அவருடைய நாற்றுப்பண்ணைதான் தாய்வீடு. அவர் பார்த்தார். அவருக்குப் பின் மகன் சோணைமுத்து பார்த்தார். இப்போது சோணைமுத்துவின் மகன் உடையப்பனின் முறை.

அப்படித்தான் உடையப்பன் நினைத்திருந்தார். சாத்தையா வேறு மாதிரி நினைத்தார். ராக்கப்பனுக்கு அழகுநாச்சி என்று ஒரு மகளும் உண்டு. சாத்தையா அவள் பிள்ளை. அந்த முதல் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவள் தன் தாய்தான், தனக்கும் முறை உண்டு என்று அவர் ஊர்ச் சபையில் எழுந்து நின்றார். பெண் வழிக்குச் சீர் உண்டு, முறை கிடையாது என்று உடையப்பன் ஒரே வரியில் பதில் சொன்னார். கோயில் முதல் மரியாதையும் இதே வழக்கில் சிக்கி, இரண்டு திருவிழாக்கள் நின்றுபோயின. கடைசியில் சபை சலித்துவிட்டது. இருவரும் நேரில் போங்கள், எந்த வீட்டுப் பெயரில் குட்டி பதிவாகிறதோ அந்த வீட்டுக்கே இனி கோயில் பரிவட்டமும் என்று முடித்துவிட்டது.

தோற்றுத் திரும்பினால் ராக்கப்பன் வீட்டின் தலை தன் காலத்தில் தாழ்ந்ததாக ஆகும். உடையப்பன் அதற்குத் தயாராக இல்லை.

மிதவண்டி புல்லின் நுனியைத் தொடாமல் போயிற்று. காலை வெயில் சமவெளி முழுக்கப் பரவியிருந்தது. தூரத்தில் குடைவேல மரங்கள், அவற்றுக்கு மேலே நகர்கிற தலைகள். பார்த்தவுடன் உடையப்பன் தன்னை மறந்து முன்னால் சாய்ந்தார். மூன்று பெரிய ஒட்டகச்சிவிங்கிகள் மரத்தின் உச்சியை மேய்ந்துகொண்டிருந்தன. கருநீல நாக்கு முட்களுக்கு இடையில் லாவகமாகப் புகுந்து, இலையை மட்டும் உருவிக்கொண்டு வந்தது. எவ்வளவு உயரம்! அந்த உயரத்தை அவை ஒரு பெருமையாகவே வைத்துக்கொள்ளவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

"ஐயா, போதும்," என்றாள் நசேரியான். "முள்ளு ஏறுது."

அவர் கண்ணைத் தாழ்த்தினார்.

"அந்தக் கடைசி ஆளு யாருன்னு தெரியுதா?" நசேரியான் கையிலிருந்த கருவியைப் பார்த்துச் சொன்னாள். "உங்க அப்பா பாத்து அளவெடுத்தது. பேரு சோணைமுத்து. அதுதான் குட்டி போட்டிருக்கு."

சாத்தையா எழுந்து நின்று, மரத்தை நோக்கிக் கைகளைக் கூப்பினார். "மாமா, வணக்கம். சுகப்பிரசவந்தானே?"

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏத்தா, என்ன சிரிப்பு?" என்றார் உடையப்பன்.

"தூசிப்பா."

"உங்க தாத்தா பேரை அந்தாளு கேலி பண்றாரு, உனக்குத் தூசி."

"யாரு கேலி பண்றா?" சாத்தையா நசேரியானிடம் முறையிட்டார். "தாய்மாமன் பிள்ளை பெத்திருக்காரு, மருமகன் விசாரிக்கக் கூடாதா? இந்த ஊருல எப்படிம்மா?"

"இந்த ஊருல தாய்மாமன் பிள்ளை பெறுறது இல்லைங்க," என்றாள் நசேரியான்.

குட்டி ஒரு புதருக்குப் பின்னால் படுத்திருந்தது. நசேரியான் வண்டியைத் தரையில் இறக்கினாள். தன் இமைத்திரையைக் குட்டிக்கு மட்டும் மூடிக்கொண்டாள்; காவலர்கள் யாரும் முதற்பார்வைக்கு முன் குட்டியைக் காணக் கூடாது. பிறகு திரும்பி, "யாரு பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"நான்," என்றார்கள் இருவரும்.

"ஒருத்தர்தான். ரெண்டு பார்வை ஒண்ணா விழுந்தா குட்டி தாங்காது. பிறந்து அஞ்சாறு நாள்தான் ஆகுது. நீங்க முடிவு பண்ணாட்டி நான் வண்டியைத் திருப்பிருவேன்."

வெளியே ஒரு பறவை கத்தியது.

"உத்தரவு கேட்போம்," என்றார் சாத்தையா. கடல் தாண்டி வந்தபிறகு முதல்முறையாக உடையப்பனை நேராகப் பார்த்துப் பேசினார். "கோயில்ல பூப்போட்டுக் கேப்போம்ல, அந்த மாதிரி. நீ இடது சன்னல்ல உக்காரு மச்சான், நான் வலது. ரெண்டு பேரும் கண்ணை மூடிக்குவோம். குட்டி எந்தப் பக்கம் வருதோ, அந்தப் பக்கத்து ஆளு கண்ணைத் திறக்கட்டும். அதுவே முடிவு பண்ணட்டும். ஒத்துக்கிறியா?"

உடையப்பன் யோசித்தார். தெய்வத்திடம் விடுகிற வழக்கு. அதில் தாழ்வு இல்லை. "ஒத்துக்கிறேன் மாப்ளே. ஆனா எந்தப் பக்கம் வருதுன்னு யாரு சொல்றது? இந்தப் பொண்ணு திரையை மூடிருக்கு."

"செவ்வந்தி சொல்லட்டும். அவ பொய் சொல்ல மாட்டா. உனக்கு மக, எனக்கும் மக மாதிரி."

"அவளே பாத்துக்கட்டும், நம்ம கண்ணு மூடியிருக்கான்னும்."

"அதுவும் நல்லதுதான். உன்னை நம்ப முடியாது."

"ஐயா," என்று நசேரியான் குறுக்கிட்டாள், "அப்ப அவங்கதானே முதல்ல..."

"நீ சும்மா இரும்மா, இது எங்க குடும்ப விசயம்," என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் இரண்டாவது முறையாக ஒத்துப்போனார்கள்.

செவ்வந்தி இரண்டு ஆண்களுக்கும் நடுவே நின்றாள். முப்பத்திரண்டு வயது. ராக்கப்பனின் நாற்றுப்பண்ணையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். போன மழைக்கு இந்தச் சமவெளிக்கு வந்த கன்றுகள் அவள் கையால் ஒட்டுக் கட்டியவை.

"அப்பா, அப்ப நான் குட்டியைப் பாக்கணும். பரவாயில்லையா?"

"பாருத்தா. உன் பார்வை கணக்குல வராது."

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

இருவரும் கண்களை மூடிக்கொண்டார்கள். வேட்டி கட்டிய இரண்டு முதியவர்கள், ஆப்பிரிக்கச் சமவெளியின் நடுவில், சாமி கும்பிடுவதுபோல் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

புதர் அசைந்தது. முதலில் இரண்டு காதுகள் வந்தன. அப்புறம் உச்சியில் கருப்புக் குஞ்சம் வைத்த இரண்டு குட்டிக் கொம்புகள். அப்புறம் கால்கள், எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாத நீளத்தில். குட்டி நின்றது. அதுவே மிதவண்டியின் கூரையைவிட உயரம். ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் சேர்த்து எடுத்து வைத்தது, பிறகு மறுபக்கத்து இரண்டையும். கப்பல் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டு நடந்து வந்தது. உடம்பின் புள்ளி ஒவ்வொன்றும் வெடித்த கரிசல் மண்ணின் துண்டு மாதிரி இருந்தது. கண் இமையின் மயிர் ஒரு விரல் நீளம். செவ்வந்தி மூச்சை மெதுவாக விட்டாள். குட்டிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல், கண்ணின் ஓரத்தால், ஒட்டுப்போட்ட கன்று துளிர்த்திருக்கிறதா என்று காலையில் போய்ப் பார்ப்பதைப்போலப் பார்த்தாள்.

குட்டி இடப்பக்கம் வரவில்லை. வலப்பக்கமும் வரவில்லை. வண்டிக்கு நேர் முன்னால் வந்து நின்றது.

அப்போது அவளுக்குப் பின்னால் உடையப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நேரம் ஏன் சத்தமே இல்லை? சாத்தையா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பானோ? குட்டியைப் பார்ப்பதற்காக அல்ல, நியாயத்துக்காக, உடையப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்து எதிர்ப்பக்கம் பார்த்தார்.

சாத்தையாவின் ஒரு கண் ஏற்கெனவே திறந்திருந்தது. அது உடையப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"திறந்துட்டியா?"

"நீதான் திறந்துட்டே!"

"நீ திறந்திருக்கியான்னு பாக்கத்தான் திறந்தேன்!"

"நானும் அதுக்குத்தான்!"

இப்போது நான்கு கண்களும் முழுதாகத் திறந்திருந்தன. தாத்தா காலத்துக் கன்று, தாய் கட்டிய ஒட்டு, நின்றுபோன திருவிழா, சபையில் சொன்ன ஒரு வரி, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. குட்டி அவர்களுக்கு ஐந்தடி தள்ளி நின்று கழுத்தை வளைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை.

மானி அலறியது. குட்டி துள்ளித் திரும்பி, ஆடி ஆடி ஓடி, சோணைமுத்துவின் கால்களுக்கு இடையில் போய் மறைந்தது.

"குட்டிக்கு என்ன ஆச்சு?" உடையப்பன் பதறினார்.

"குட்டிக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் நசேரியான். அவள் குரலில் சிரிப்பா களைப்பா என்று மொழிச்செவியால் சொல்ல முடியவில்லை. "உங்களுக்குத்தான். இந்த வெளிக்குள்ள வந்துட்டா மனுசருக்கும் அதே வரம்புதான், ஐயா. ஒட்டகச்சிவிங்கியோட வரம்பு. அவரு மேல நீங்க ஏத்தின சுமையில ஒரு கூட்டமே விழுந்திருக்கும். அவரு உங்க மேல ஏத்தினதும் அவ்வளவுதான்."

உடையப்பன் எதிரே பார்த்தார். வலது சன்னலில் சாத்தையா இல்லை. அங்கே ஆள் அளவுக்கு ஒரு சாம்பல் மூட்டம் உட்கார்ந்திருந்தது. அதற்கு அங்கவஸ்திரம் கூட இல்லை.

"மச்சான்," என்றது மூட்டம், "நீ எங்கே போனே?"

"இங்கேதான் இருக்கேன். நீ?"

"ஓராண்டுக்கு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது," என்றாள் நசேரியான். "பேசலாம். அது சட்டத்துல தடை இல்லை." பிறகு கருவியைச் செவ்வந்தியிடம் திருப்பிக் காட்டினாள். "முதற்பார்வை பதிஞ்சிருச்சு. இவ்வளவு இலேசான அளவை நான் பாத்ததே இல்லை. குட்டியோட துடிப்பு மாறவே இல்லை. நல்ல வரம்பு கிடைக்கும், நீண்ட நாள் வாழும். பேரு செவ்வந்தின்னு வந்திருச்சு. வீடு மட்டும் சொல்லணும். வீட்டுப் பெரியவர் சொல்லணும்."

பிறகு மூட்டம் மெல்லச் செருமியது.

"சொல்லு மச்சான். எந்த வீடு?"

கேள்வியின் உள்ளே இருந்த பொறி உடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது. தன் வீடு என்றால் மகள் வீட்டைச் சுமப்பவள் என்று ஆகும். அப்படியானால் அழகுநாச்சியும் சுமந்தாள், அவள் பிள்ளையும் ராக்கப்பன் வீடு. பெண் வழிக்கு முறை கிடையாது என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் இத்தனை ஆண்டு வழக்காடினார்.

"வீடு சொல்லலேன்னா?" என்று கேட்டார்.

"அளவு செல்லாது. முதற்பார்வை ஒரு தடவைதான், மறுபடி எடுக்க முடியாது. குட்டிக்கு வாழ்நாள் முழுக்க மூட்டம். யார் கண்ணுக்கும் தெரியாது. காப்பு உரிமையும் வேற ஊருக்குப் போயிரும்."

"அதுதான் அவ பார்வை கணக்குல வராதுன்னு சொல்லிட்டியே மச்சான்," என்றார் சாத்தையா. குரலில் சர்க்கரை இருந்தது. "எங்க காதுல விழுந்துச்சு. வராதுன்னே எழுதச் சொல்லு."

உடையப்பன் தன் மகளைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே தன் தகப்பன் பெயரைத் தாங்கிய தாய், நான்கு கால்களையும் அகல வைத்துக் கழுத்தைத் தாழ்த்தி, குட்டியின் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. பேர் ஆணுடையது என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நக்குவதை நிறுத்தியிருக்காது. அந்தக் குட்டியின் துடிப்பு மாறவில்லை என்று இந்தப் பெண் சொன்னாள். ராக்கப்பனின் பார்வைக்கு மாறியதாம். சோணைமுத்துவின் பார்வைக்கும் மாறியதாம். அவை பதிவில் இருக்கின்றன. தன் பார்வைக்கு எப்படி மாறியிருக்கும் என்பது வாசலில் இருந்த செடிக்குத் தெரியும்.

அவர் வீட்டில் யாரும் நடந்ததை நடக்கவில்லை என்று சொன்னது கிடையாது.

துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்து நின்றார். வண்டியின் கூரை தாழ்வு என்றாலும் நின்றார்.

"எழுதிக்கம்மா. வேலனேந்தல் ராக்கப்பன் வீடு. பார்த்தது அவர் கொள்ளுப்பேத்தி செவ்வந்தி."

"அப்ப எங்க அம்மா?" என்றது மூட்டம். குரலில் சர்க்கரை போய்விட்டிருந்தது.

"அழகுநாச்சியும் ராக்கப்பன் வீடுதான். அவ பிள்ளையும். சபையிலயும் வந்து சொல்றேன், என் வாயால. போதுமா?"

சாத்தையாவுக்கு அது போதும். அவர் தாய் சாகும்வரை கேட்டுக் கிடைக்காத வார்த்தை அது. ஆனாலும் ஒரு மனிதன் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது வார்த்தைக்காக மட்டும் அல்லவே. அந்த வார்த்தையைச் சொல்லும்போது உடையப்பனின் முகம் எப்படி இருக்கும் என்று எத்தனையோ முறை அவர் கற்பனை செய்திருந்தார். தலை எவ்வளவு தாழும், உதடு எந்தப் பக்கம் கோணும், கண் எங்கே போய் ஒளியும் என்று. ஆர்வத்தோடு எட்டிப் பார்த்தார். எதிரே சாம்பல் நிறத்தில் உயரமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மூட்டம் அசையவில்லை. நகர்ந்து, குனிந்து, வேறு கோணத்திலிருந்து பார்த்தார். இமைத்திரை எல்லாக் கோணத்திலும் வேலை செய்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் செவ்வந்தியின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"ஆத்தா, உண்மையைச் சொல்லு. இப்ப உங்கப்பன் முகம் எப்படி இருக்கு?"

செவ்வந்தி, தகப்பன் எழுந்து நின்ற நொடியிலிருந்து, வண்டியின் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கல, மாமா," என்றாள்.